ஆளியாருக்கு ஒரு துணைக்கால்

ஆளி விதைமீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நல்ல விதைதான். வயிற்றுக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் வெளியே தெரிந்தால் ஜனங்கள் விதையைத்தான் திட்டுவார்கள். வாயில்லாத ஒன்றின்மேல் பழியைப் போடுவது எப்போதும் சுலபம்.

தேநீருக்கு நன்றி, ஐயா. ஆறட்டும். நான் எதையும் ஆறவைத்துத்தான் குடிப்பேன். உங்கள் காவல் நிலையத்து மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிறது; யாரையாவது எண்ணெய் விடச் சொல்லுங்கள். குறை சொல்லவில்லை. சத்தம் என்றால் எனக்குக் காது கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காலை உணவின்போது தொண்டை அடைத்து இறந்துபோனார். அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த காகிதத்தை எடுத்து வந்து இங்கே விரித்து வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறீர்கள். "இந்தத் தப்பு எப்படி வந்துச்சு, உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று அன்பாகத்தான் கேட்டீர்கள். தெரியும். ஆனால் கொஞ்சம் சுற்றி வந்துதான் அந்த வரியைத் தொட முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு வார இதழில் மெய்ப்புப் பார்க்கிறவன். பக்கங்கள் அச்சுக்குப் போகும் முன் படித்துப் பிழைகளை எடுக்கிற வேலை. மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. எங்கள் இதழ் உடம்பைப் பற்றியது. உண்மையோடு அதற்குப் பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது. கூந்தல் வளர்ப்புத் தொடரை எழுதுகிற எங்கள் ஆசிரியருடைய தலையைத் துடைக்கலாம், சீவ முடியாது. தொப்பை கரைய வழி சொல்கிறவர் மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் விழுந்தால் மூச்சு வாங்கி முடிய ஒரு தேநீர் நேரம் ஆகும். அவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். அந்தப் பொய்களில் ஓர் ஒற்றெழுத்துகூடத் தப்பாக இருக்காது. அது என் பொறுப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு எங்கள் இதழில் ஒரு பிழை அச்சேறியதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வீட்டில் நானும் மனைவியும்தான். குழந்தைகள் இல்லை. மாலையில் நான் போனதும் தேநீர் வரும். நான் நாற்காலியில் சாய்ந்து புத்தகத்தை எடுப்பேன். அவள் ஜன்னல் பக்கம் உட்காருவாள். "மழை வரும் போல இருக்கு" என்பாள். நான் பக்கத்தைத் திருப்புவேன். அதுதான் பதில் என்று அவளுக்குத் தெரியும். சில வாரங்களில் அந்த மழையும் இருக்காது. கல்யாணமான புதிதில் அவள் நிறையப் பேசுகிறவளாகத்தான் இருந்தாள். தெருவில் பார்த்தது, கனவில் வந்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது எல்லாவற்றையும் சொல்வாள். போகப் போக அவளும் என் ருசிக்கு வந்துவிட்டாள். அப்படி ஓர் ஒற்றுமை எத்தனை வீட்டில் இருக்கும், சொல்லுங்கள்.

அந்த வீட்டுக்குத்தான் மச்சான் வந்தார்.

வாழ்நாள் முழுவதும் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். ஓய்வு பெற்றபோது ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், குரலைக் கொடுக்கவில்லை. அவர் மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம். பெட்டியை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, "சும்மா ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாப்ள" என்றார். தெருமுனைவரை கேட்டிருக்கும். ரெண்டு நாள் என்பது ரயில்வேக் கணக்கு என்று எனக்கு அப்போது தெரியாது. வர வேண்டியது வராது, கிளம்ப வேண்டியது கிளம்பாது.

அவருக்கு வயிறு ஒத்துழைக்காத நேரம் அது. யாரோ பூங்காவில் நடக்கிறவர் ஆளி விதைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, தினமும் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நீங்கள் பார்த்திருப்பீர்களோ என்னவோ. பழுப்பாக, பளபளப்பாக, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிற மூட்டைப்பூச்சி போல இருக்கும். ஊறவைத்தால் சளிக்குக் கூடப்பிறந்தது. மச்சான் அதை ரொட்டி மாவில் போட்டார், சூப்பில் போட்டார், முட்டையில் தூவினார், பாலில் கலக்கினார். நான் படிக்கிறபோது பல் இடுக்கில் எப்போதும் ஒன்று உட்கார்ந்திருக்கும். நாக்கு அதைத் தேடிக்கொண்டே இருக்கும். கண் ஒரே வரியில் நிற்கும்.

விதை வேலை செய்தது. அதையும் மறைக்க மாட்டேன். தினமும் காலையில் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, பழைய தொழில் மறக்காமல் அறிவிப்பார். "மாப்ள, இன்னைக்குச் சரியான நேரத்துக்கு வந்துடுச்சு. தாமதமே இல்ல."

என் மனைவி அடுப்படியிலிருந்து, "எந்த பிளாட்ஃபாரம்ணா?" என்பாள்.

அண்ணன் மனம் நோகக் கூடாது என்று அவள் எடுத்துக்கொண்ட சிரமத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் எனக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிற சாக்கில் அலுவலகத்துக்கு வந்தார். ஆசிரியர் அறைக்குள் போய் ஆளி விதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சை நிறுத்த வேறு வழி தெரியாமல் ஆசிரியர் அவருக்கு இதழில் ஒரு பக்கம் கொடுத்துவிட்டார். 'தினம் ஒரு கரண்டி' என்று தலைப்பு. பக்கம் ஓகோவென்று போயிற்று. அலுவலகத்தில் அவருக்கு ஆளியார் என்றே பெயர் விழுந்தது. அவரைக் கண்டால் எல்லோருக்கும் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்கிற பெண்ணுக்கு ரொம்பவே பிடிக்கும். 'ஆளி விதை உண்பவர் நோயாளி ஆக மாட்டார், அறிவாளி ஆவார்' என்று ஒரு வாரம் எழுதியிருந்தார். அவள் விசைப்பலகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்போ கடனாளி, குற்றவாளி எல்லாம் யாரு சார்?"

"அவங்கள்லாம் விதைய அரைக்காம முழுங்குனவங்கம்மா."

அவள் சிரித்துச் சிரித்து மேசையில் தலை வைத்துவிட்டாள். அந்தப் பெண்தான் இப்போது உங்கள் வெளி பெஞ்சில் அழுதுகொண்டிருக்கிறாள். அதற்கு வருகிறேன்.

மச்சானிடம் ஒரு விசேஷம். தான் கையால் எழுதியதை அவர் நம்ப மாட்டார். எழுதிய மறுநிமிடம் மறந்தும்விடுவார். ஆனால் அதே சங்கதி அச்சில் வந்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. "அச்சுல வந்தாச்சுன்னா அது உண்மை மாப்ள. மைக்ல சொன்னா ரயில் வந்துதானே ஆகணும்?" என்பார். அது மட்டுமல்ல, அச்சில் என்ன இருந்தாலும் அதைத் தானே எழுதியதாக நினைத்துக்கொள்வார். அவருடைய பக்கத்தில் பாதி வாக்கியங்கள் தட்டச்சுக்குப் போகும் முன்பே நான் மாற்றியவை. ஒன்றைக்கூட அவர் கண்டுபிடித்ததில்லை. "நம்ம கை எப்படி ஓடியிருக்கு பாத்தியா" என்று தங்கையிடம் காட்டுவார்.

இதழ் கடைக்கு வரும்வரை அவருக்குப் பொறுக்காது. அதனால் தட்டச்சு முடிந்தவுடன் எடுக்கிற முதல் பிரதியை, நான் திருத்துவதற்கு முந்தியதை, வாரா வாரம் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்வார். மறுநாள் காலை உணவின்போது அதை நிலைய அறிவிப்பு மாதிரி உரக்கப் படித்து, அப்படியே நடப்பார். பிறகு இதழ் வந்தால் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டுவிடுவார். படித்தாயிற்றே.

முதல் பிரதி என்றால் பிழை இருக்கும். ஒரு வாரம், 'சாப்பிட்டபின் சற்று நேரம் நடக்க வேண்டும்' என்பது 'நடிக்க வேண்டும்' என்று வந்திருந்தது. நான் அலுவலகத்தில் திருத்திவிட்டேன். இதழில் சரியாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்த காகிதத்தில் அப்படியே இருந்தது. மச்சான் ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார்.

"நடிக்கணும்னு எழுதியிருக்கேன். கரெக்ட்தான். மனசு லேசானா ஜீரணம் தானா ஆகும்."

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் எழுந்து கூடத்தின் நடுவில் நின்று, டிக்கெட் இல்லாமல் வந்த பயணியாகவும் அவனைப் பிடித்த பரிசோதகராகவும் மாறி மாறி நடித்தார். பயணி கழிவறைக்குள் ஒளிந்துகொள்கிறான். பரிசோதகர் வெளியே நின்று, "ஐயா, உள்ள இருக்கிறது நீங்களா, ஆளி விதையா?" என்று கேட்கிறார். என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. புத்தகத்தில் எந்த வரியில் இருந்தேன் என்பதும் தவறிப்போயிற்று.

அந்த வாரம் முழுவதும் இரவானால் நாடகம்.

அதற்குப் பிறகு எனக்கு ஓர் ஆர்வம் வந்தது. படிக்கிறவனுக்கு வரக்கூடிய ஆர்வம்தான், தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு பிரதியில் 'மென்று தின்ன வேண்டும்' என்றிருந்ததை 'நின்று தின்ன வேண்டும்' என்று மாற்றி அந்தத் தாளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அலுவலகத்துப் பக்கத்தில் மென்றே தின்றார்கள். வீட்டில் மச்சான் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டு சாப்பிட்டார்.

"கால் வலிக்கலையாண்ணா?" என்றாள் என் மனைவி.

"குடல் நேரா இருக்கணும்ல? நான்தானே எழுதினேன். மாப்ள, நீங்களும் எந்திரிங்க."

நானும் எழுந்து நின்று சாப்பிட்டேன். ஒரு சொல் ஒரு மனிதனை எழுப்பி நிறுத்துகிறது. இத்தனை வருடம் புத்தகம் படித்தும் சொல்லுக்கு இவ்வளவு வலு உண்டென்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நின்றபடி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவருக்குச் சாப்பாடு நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது. நான்தான் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டே செவிலியருக்கு ஆளி விதையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உணவுக்குழாய் ஒரு இடத்துல நல்லா சுருங்கியிருக்கு. அகலப்படுத்தணும், அதுக்கு ஒரு தேதி தர்றேன். அதுவரைக்கும் எது சாப்பிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமா, தண்ணியோட சாப்பிடணும். அந்த விதைய விட மாட்டேங்கிறார். அது தண்ணி பட்டா பசை மாதிரி ஆகி ஊதிக்கும். வறட்டுப் பொடியா வாயில போட்டுட்டுத் தண்ணி குடிக்கலன்னா போச்சு. அவர்கிட்ட சொன்னேன். அவர் எனக்கு வைத்தியம் சொல்றார். நீங்க பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

சும்மா சொல்லவில்லை. வாயால் சொன்னால் மச்சான் காதில் ஏறாது. அச்சில் வர வேண்டும். அந்த வாரப் பக்கத்தில் நானே ஒரு வரியைச் சேர்த்தேன். 'பொடியை வாயில் போட்டதும் தண்ணீர் குடிக்க வேண்டும்.' மறுநாள் காலை அதை உரக்கப் படித்தார். "பாத்தியா, எவ்வளவு முக்கியமான பாயின்ட் எழுதியிருக்கேன்" என்றார். அன்றிலிருந்து மேசையில் அவர் பக்கம் ஒரு தண்ணீர் ஜாடி வந்தது. கரண்டி பொடி, டம்ளர் தண்ணீர். ஒருநாள் தவறியதில்லை. அந்த மனிதரை அத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது என்னுடைய ஒரு வரிதான். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நானே சொல்கிறேன்.

ஒரு விடுமுறை நாள் மதியம் மனைவி என் அறைக்கு வந்தாள். அலமாரிகள் உள்ள அறை. அதற்குள் ஏற்கெனவே ஆளி விதை டப்பாக்கள் வந்து புத்தகங்களுக்கு முட்டுக் கொடுத்து நின்றன. மேல்தட்டில் ஒரு செய்தித்தாளை விரித்துக் கழுவிய விதையைக் காயப் போட்டிருந்தார்கள்.

"அண்ணா இனிமே இங்கயே இருக்கட்டும்னு நினைக்கிறேன்" என்றாள்.

நான் பக்கத்தைத் திருப்பினேன். அவள் போகவில்லை.

"கூடத்துல படுத்து அவருக்கு முதுகு வலிக்குது. இந்த ரூம காலி பண்ணிக் குடுத்துடலாம்."

"புத்தகம்?"

"பரண்ல போட்டுக்கலாம்."

வாசலிலிருந்து மச்சான் தலையை நீட்டினார். "படிச்சது போதும் மாப்ள. இனிமே ஜீரணம் பண்ணுங்க."

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள். "அவர் வந்தப்புறம்தான் இந்த வீட்ல மனுஷக் குரல் கேக்குது."

எவ்வளவு அடக்கமான பெண் பாருங்கள். அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது அவள் வேறு என்ன சொல்ல முடியும்? உண்மையில் அவள் என்னிடம் முறையிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இந்தக் குரலிலிருந்து என்னைக் காப்பாற்று என்கிறாள். ஒரு நல்ல வாசகன் வரியைப் படிக்க மாட்டான், வரிகளுக்கு நடுவே படிப்பான்.

அடுத்த இதழில் மச்சான், புதிய வாசகர்களுக்காக முறையை மறுபடி எழுதியிருந்தார். என் வரியும் அதில் இருந்தது. தட்டச்சு செய்கிற பெண் சுத்தமாக அடித்திருந்தாள். அவள் கைகழுவப் போனபோது நான் அவளுடைய இருக்கையில் உட்கார்ந்தேன்.

'வேண்டும்', 'வேண்டாம்'. நம் மொழியில் ஓர் உயிருக்கும் ஒரு சாவுக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம். 'டு' இருக்கிற இடத்தில் 'டா'. ட என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால். காலை வாரிவிட்டேன் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது. நான் யார் காலையும் வாரியதில்லை, ஐயா. ஒரு கால் கொடுத்தேன்.

ஒரு தாள் அச்செடுத்தேன். திரையில் மறுபடி 'வேண்டும்' என்று மாற்றி வைத்தேன். ஈரக் கையோடு அவள் வந்து நின்றாள்.

"என் சீட்ல என்ன சார் பண்றீங்க?"

"ஒரு கால் பாக்கி இருந்துச்சும்மா."

"சேத்தாச்சா?"

"சேத்தாச்சு."

"உங்க கண்ணுக்கு மட்டும் எப்படித்தான் படுதோ" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை மனைவி துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். மேசையில் ரொட்டி, முட்டை, பொடி டப்பா, ஜாடி. எனக்கு எதிரே மச்சான். நான் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். அவர் தாளை எடுத்து அறிவிக்க ஆரம்பித்தார். 'விதையை வறுத்து, ஆறவைத்து, அரைத்து...' என்று வந்தவர், 'பொடியை வாயில் போட்டதும் தண்ணீர் குடிக்க வேண்டாம்' என்ற இடத்தில் நின்றார்.

"வேண்டாமா?"

நான் தலை நிமிரவில்லை.

"மாப்ள, முன்னாடி வேணும்னுதானே எழுதியிருந்தேன்?"

இங்கே ஒரு மௌனம் வந்தது. அவரோடு இருந்த காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் நீண்ட மௌனம் அது. கலைக்க மனமில்லை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அச்சுல அப்படித்தான் இருக்கு மச்சான்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "ஆமாமா. எச்சில்லயே ஊறணும்ல? அதுல இருக்கிற சத்து தண்ணியில எங்க இருக்கு? யோசிச்சுத்தான் எழுதியிருக்கேன்." ஜாடியைத் தள்ளி வைத்தார். கரண்டியில் பொடியைக் குவித்து வாயில் போட்டார். வாயில் ஒன்று இருக்கும்போது பேச்சை நிறுத்துகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே. "இதுதான் மாப்ள உண்மையான ஜீர" என்று சொல்லி நின்றுவிட்டார்.

ஜீரணம் என்று சொல்ல வந்திருப்பார். சொல்லை அரைகுறையாக விட்டுவைப்பது எனக்குப் பழக்கமில்லை. மனதுக்குள் நானே முடித்துக்கொண்டேன்.

அவர் கை ஜாடிக்கு நீண்டது. நான் ஜாடியை என் பக்கம் நகர்த்தினேன். தாளை அவர் பக்கம் திருப்பி, அந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அச்சில் இருந்ததை ஞாபகப்படுத்தினேன், வேறொன்றுமில்லை. அவர் விரலைப் பார்த்தார், வரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்றுதான் முதன்முதலாக அது தான் எழுதியதில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாசகன் ஒருவன் கடைசியில் உண்மையான ஆசிரியரைக் கண்டுகொள்வது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

மருத்துவர் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முடிந்தபின் அந்த வீட்டில் ஓர் அமைதி வந்தது. குழாயில் நீர் சொட்டுகிற சத்தம், மாடியில் துணியை உதறுகிற சத்தம், ரொட்டியின்மேல் ஓர் ஈ. நான் விட்ட இடத்திலிருந்து படித்தேன். வரி தவறவில்லை. நல்ல அத்தியாயம்.

மனைவி காலி வாளியோடு படியிறங்கி வந்தாள். வாசலுக்கு வரும் முன்பே கேட்டாள். "என்ன, அண்ணா சத்தத்தையே காணோம்?"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. யாரிடமும்தான். என்னிடமும் ஒரு வார்த்தை இல்லை. வீடு பழையபடி ஆகிவிட்டது, ஐயா. நான் நாற்காலியில் சாய்ந்து படிக்கிறேன். அவள் ஜன்னல் பக்கம் உட்காருகிறாள். இப்போதெல்லாம் எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாள். வெளிச்சம் கண்ணில் படுகிறது போலும். எங்கள் ஒற்றுமை எங்கும் போகவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வரலாம். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தே என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். "பாருங்க சார், டைப் பண்ண பொண்ணு கை தவறிட்டா. நீங்களும் கவனிக்கல. வேணும்னா பண்ணீங்க? கவனக்குறைவுன்னு எழுதறேன், கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றீர்கள். மற்ற வாசகர்களின் உயிருக்கும் ஆபத்தாயிற்றே, இதழைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொல்லலாமா என்றும் யோசித்தீர்கள். நல்ல மனசு. வெளியே அந்தப் பெண் ஆளியாருக்காக அழுகிறாளா, தனக்காக அழுகிறாளா தெரியவில்லை. "நான் சரியாத்தான் அடிச்சேன் சார்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். அவள் சரியாகத்தான் அடித்தாள். அவளுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் வந்தேன். வீட்டில் பாதியில் வைத்த புத்தகம் இருக்கிறது. பேனாவையும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். 'மெய்ப்புப் பார்ப்பவரின் கவனக்குறைவால் நேர்ந்த அச்சுப்பிழை.' கொலைகாரன் என்று எழுதியிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். கவனக்குறைவு என்கிறீர்கள்.

யாரையாவது கடைக்கு அனுப்பி இந்த வார இதழை வாங்கி வரச் சொல்லுங்கள். ஆளியாரின் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். அதில் 'வேண்டும்' என்றே இருக்கும். எந்த வாசகனுக்கும் எந்த ஆபத்தும் இல்லை. இந்த ஒரு தாளில் மட்டும் 'வேண்டாம்' என்று இருக்கிறதே, அதுவும் வேண்டுமென்றேதான்.

தேநீர் ஆறிவிட்டது. குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன், அந்தக் 'கவனக்குறைவால்' என்பதையும் 'பிழை' என்பதையும் அடித்துவிடுங்கள். 'திருத்தம்' என்று போடுங்கள்.